குட்டி வாங்கியாச்சு, அப்புறம்? – கால்நடை மருத்துவரின் கேள்வி-பதில்

கே: லாப்ரடார் குட்டி வாங்கி மூன்று நாள். வாந்தி, ரத்தத்தோடு பேதி. விற்றவர் “சாப்பாடு மாறினதால் வந்தது, தயிர்சாதம் கொடுங்கள்” என்கிறார். கொடுக்கலாமா? (திருச்சி)

ப: எனக்கு எழுதிய நேரத்தில் ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கலாம். பார்வோ என்ற வைரஸ் குடல் நோயாக இருக்கவே வாய்ப்பு அதிகம். டிரிப்ஸ் ஏற்றாமல் தேறுவது கஷ்டம். கிருமி புகுந்து மூன்று முதல் ஏழு நாளில்தான் பொதுவாக அறிகுறி தெரியும். அப்படியென்றால் உங்கள் வீட்டுச் சாப்பாட்டின் மேல் பழி போட வேண்டாம், விற்ற இடத்திலேயே தொற்றியிருக்கும்.

கே: கேசிஐ (கென்னல் கிளப் ஆஃப் இந்தியா) வம்சாவளிச் சான்றிதழ் கொடுத்தார்கள். நல்ல இடத்துக் குட்டிதானே? (ஈரோடு)

ப: அந்தக் காகிதம் அப்பா அம்மா யார் என்று சொல்லும். அம்மா கூண்டை விட்டு வெளியே வந்ததுண்டா என்று சொல்லாது.

கே: வாட்ஸ்அப்பில் போட்டோ பார்த்து முன்பணம் அனுப்பினோம். கோயம்பேட்டில் வைத்துக் கொடுத்தார்கள். 45 நாள் குட்டியாம். தாயைக் காட்டச் சொன்னால் “ஊரில் இருக்கிறது” என்கிறார்கள். ஏமாந்துவிட்டோமா? (சென்னை)

ப: ஆமாம். இந்த 45 நாள் கணக்கை யார் கிளப்பிவிட்டார்களோ! 2017-இல் மத்திய அரசு கொண்டுவந்த விதிகளின்படி எட்டு வாரம், அதாவது சுமார் இரண்டு மாதம் ஆகாத குட்டியை விற்கவே கூடாது. விற்பவர் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்திருக்கவும் வேண்டும். சீக்கிரம் தள்ளிவிட்டால் தீனிச் செலவு மிச்சம், ஊசிச் செலவு மிச்சம். குட்டி சிறுசாக இருந்தால் வாங்குபவர் மனசும் இளகும். சமயத்தில் அந்த 45-ம் பொய். கடைவாய்ப் பல் சரியாக முளைக்காத குட்டிகளெல்லாம் என் மேஜைக்கு வந்திருக்கின்றன.

தாயைக் காட்டாததற்கும் காரணம் உண்டு. அதே விதிகள், 18 மாதம் ஆகாத பெட்டையை இணை சேர்க்கக் கூடாது என்கின்றன. வருடத்துக்கு ஒரு ஈற்று, ஆயுளுக்கு ஐந்து, எட்டு வயதோடு சரி. ஆனால் பெட்டை ஆறேழு மாதத்துக்கு ஒருமுறை பருவத்துக்கு வரும், பண்ணைக்காரர் ஒன்றையும் விடமாட்டார். மடி தொங்கி, முடி கொட்டி, விலா எலும்பு தெரிய நிற்கும் அந்தத் தாயைக் காட்டினால் நீங்கள் முன்பணம் போடுவீர்களா? தாயைப் பார்க்காமல் குட்டி வாங்காதீர்கள். மாதாமாதம் எழுதுகிறேன், “போட்டோவில் பார்த்தோம் சார்” என்று மாதாமாதம் கடிதம் வருகிறது. போட்டோவில் யார் வீட்டு நாயையும் காட்டலாம்.

கே: கூடப் பிறந்த குட்டி அங்கேயே கிடக்கிறது, பாவம். அதையும் வாங்கிக் காப்பாற்றலாமா? (மதுரை)

ப: வேண்டாம். உங்கள் பணத்தில் அடுத்த ஈற்று வரும். பில், பணம் அனுப்பிய விவரம், டாக்டர் அறிக்கை எல்லாம் வைத்து வாரியத்துக்குப் புகார் எழுதுங்கள். மருத்துவச் செலவுக்கு நுகர்வோர் ஆணையம் இருக்கிறது.

கே: ஐந்து மாத பீகிள், குக்கர் விசில் அடித்தாலே கட்டிலுக்கு அடியில் ஓடுகிறது. (சேலம்)

ப: மூன்றாவது வாரத்திலிருந்து பதினான்காவது வாரம் வரைதான் குட்டி உலகத்தைப் பழகும் காலம். அதைக் கூண்டில் கழித்திருக்கும். இழுத்து வெளியே போடாதீர்கள். சத்தத்தைத் தூரத்திலிருந்து கேட்கவிட்டு, கூடவே பிடித்த தீனி கொடுங்கள். மாதக்கணக்கில் ஆகும், ஆனால் தேறும். வாங்கும் முன் தாயையும் இடத்தையும் பார்த்திருந்தால்... சரி, விடுங்கள்.

கே: ‘டீகப்’ பொமரேனியன் எப்போதும் உள்ளங்கை அளவுதானாமே? (கோவை)

ப: அப்படி ஓர் இனமே கிடையாது. வயது குறைந்த குட்டி, இல்லாவிட்டால் அரைப்பட்டினிக் குட்டி. ஆறு மாதத்தில் வளர்ந்து நின்றால் என்னிடம் வந்து கேட்காதீர்கள்.