வாசகர் கேள்வி – பதில்: பாட்டுப் போட்டிக்குப் போகிற பிள்ளைகள்

கேள்வி: என் மகளுக்குப் பதினோரு வயது, கோயில் பாடகர் குழுவில் பாடுகிறாள். டிவி பாட்டுப் போட்டிக்காக மதுரையில் நடந்த குரல் தேர்வில் தேறிவிட்டாள். இப்போது வீட்டுக்கு வந்து படம் எடுக்க வேண்டும் என்கிறார்கள். என் கணவர் கடலில் இலங்கைக் கடற்படையிடம் பிடிபட்டு அங்கே சிறையில் இருந்துவிட்டு வந்தவர். அதைப் பாப்பா மேடையில் சொன்னால் மக்கள் மனதில் நிற்பாள் என்கிறார் டிவியிலிருந்து பேசும் ஒருவர். மாட்டேன் என்றால் வாய்ப்பு போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது.
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, தங்கச்சிமடம்

பதில்: முதலில் பாப்பாவுக்கு வாழ்த்து. தெரியாத ஆட்கள் முன்னால் சுருதி பிசகாமல் பாடித் தேறுவது சின்ன விஷயம் இல்லை அம்மா.

மாட்டோம் என்று சொல்லுங்கள். வீட்டுக்கு வரட்டும், வலையை, படகை, பாம்பன் பாலத்தை எல்லாம் எடுக்கட்டும், அதில் ஒன்றும் தப்பில்லை. ஆனால் அப்பா சிறையில் இருந்த நாட்களை அந்தப் பிள்ளையின் வாயால் சொல்ல வைக்கக் கூடாது. அது உங்கள் குடும்பம் பட்ட பாடு, பாட்டுக்கு முன்னால் ஓட்டுகிற முன்னோட்டம் இல்லை. அந்த மூன்று நிமிடத் துண்டு வருஷக்கணக்கில் போன்களில் சுற்றும், அவள் பிளஸ் டூ படிக்கும்போதும் யாராவது எடுத்துக் காட்டுவார்கள், அப்போது அவள் பாடிய பாட்டை யாரும் கேட்க மாட்டார்கள். இன்னொன்று, பாடுகிறவர்களுக்கு இது தெரியும்: அழுத கையோடு பாடினால் தொண்டை இறுகும், மூச்சு நிற்காது, மேல் ஸ்தாயி கிட்டவே வராது. அழ வைத்துவிட்டு உடனே பாடச் சொல்வது அந்தக் குரலுக்கே செய்கிற அநியாயம்.

வாய்ப்பு போய்விடுமா? போகலாம், இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். போனாலும் அவள் குரல் அவளிடம்தான் இருக்கும், வயது பதினொன்றுதானே.

போவதாக இருந்தால் சில விஷயங்கள். பதினான்கு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளை நடிக்க, பாட வைப்பதற்கு 2017-இல் திருத்திய குழந்தைத் தொழிலாளர் விதிகள் இருக்கின்றன. ஒரு நாளைக்கு ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது, ஓய்வில்லாமல் தொடர்ந்து மூன்று மணி நேரத்தைத் தாண்டக் கூடாது, தொடர்ச்சியாக 27 நாட்களுக்கு மேல் கூடாது. படப்பிடிப்பு நடக்கும் மாவட்டத்தின் ஆட்சியரிடம் தயாரிப்பாளர் அனுமதி வாங்க வேண்டும். படிப்பு நின்றுபோகாமல் பார்த்துக்கொள்வதும், கிடைக்கும் வருமானத்தில் குறைந்தது 20 சதவீதத்தைத் தேசியமயமாக்கப்பட்ட வங்கியில் பிள்ளை பெயரில் நிரந்தர வைப்பாகப் போடுவதும் அவர்கள் பொறுப்பு. பிள்ளையின் விருப்பத்துக்கு மாறாகப் பங்கெடுக்க வைக்கக் கூடாது என்பதும் அதே விதிகளில் இருக்கிறது, அதனால் "எங்களுக்குச் சம்மதம் இல்லை" என்று நீங்கள் சொன்னால் சட்டமும் உங்கள் பக்கம்தான். கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒப்பந்தத்தை விவரம் தெரிந்த ஒருவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள், வேறு மேடையில் எவ்வளவு காலம் பாடக் கூடாது என்று போட்டிருக்கிறார்கள் என்பதை முக்கியமாகப் பாருங்கள். அப்புறம், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகு கடலுக்குப் போகாது, வீட்டில் வருமானம் இருக்காது. அந்த நேரத்தில் படப்பிடிப்பு வந்தால் உடுப்புக்கும் சென்னைப் பயணத்துக்கும் வட்டிக்கு வாங்காதீர்கள். போக்குவரத்து, தங்கும் செலவு யாருடையது என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

கேள்வி: எங்கள் தாத்தா கரைவலை இழுக்கும்போது பாடிய அம்பாப் பாட்டுகள் எனக்கு நிறையத் தெரியும். டிவியில் சினிமாப் பாட்டுத்தானே எடுபடும்?
– கல்லூரி மாணவர், மூக்கையூர்

பதில்: 2018-இல் சூப்பர் சிங்கர் ஆறாவது சீசனில் ஜெயித்த செந்தில் கணேஷ் நாட்டுப்புறப் பாடகர் தம்பி, அவர் மனைவி ராஜலட்சுமியும் அதே மேடையில் நாட்டுப்புறப் பாட்டுகள்தான் பாடினார். அதனால் தயங்காமல் போங்கள். ஆனால் அம்பா ஒருவர் எடுத்துக்கொடுக்க மற்றவர்கள் வாங்கிப் பாடுகிற பாட்டு, கயிறு இழுக்கிற கையோடு சேர்ந்த தாளம். தனியாக நின்று பாடினால் பாதி போய்விடும். பின்பாட்டுக்கு ஊர்ப் பையன்கள் நான்கு பேரைக் கூட்டிப்போக அனுமதி கேளுங்கள், கிடைக்காவிட்டால் எடுத்துக்கொடுப்பவர் பாடுகிற பகுதி நீளமாக இருக்கிற பாட்டாகத் தேர்ந்தெடுங்கள். போட்டி இருக்கட்டும், தாத்தா இருக்கிறார் என்றால் இந்த வாரமே அவரைப் பாட வைத்துப் போனில் பதிவு செய்யுங்கள், எந்த இடத்தில் எந்தப் பாட்டு, எதற்கு அந்த வரி என்று கேட்டுக் குறித்து வையுங்கள்.

கேள்வி: தங்கை பாடிய வீடியோவைப் பார்த்ததாகவும், நேரடியாக இரண்டாவது சுற்றுக்குத் தேர்வு செய்துவிட்டதாகவும் ஒருவர் போனில் சொல்கிறார். பதிவுக் கட்டணம் பதினைந்தாயிரம் ரூபாயாம். கட்டலாமா?
– வாசகர், தொண்டி

பதில்: கட்டாதீர்கள். நேரில் பாடிக் காட்டாமல் சுற்றைத் தாண்ட வைக்கிறேன் என்பவரும், பாட வைக்கப் பணம் கேட்பவரும் ஏமாற்றுக்காரர்தான். அந்த எண்ணை அழிக்காமல் வைத்திருங்கள், பேச்சு, வாட்ஸ்அப் செய்தி எல்லாம் இருக்கட்டும். ஏற்கெனவே பணம் அனுப்பியிருந்தால் இதைப் படிக்கிற இப்போதே 1930-க்குப் போன் செய்து சைபர் குற்றப் புகார் கொடுங்கள், சீக்கிரம் சொன்னால்தான் அந்தப் பணத்தை வங்கியில் நிறுத்தி வைக்க வழி இருக்கும்.