ஹம்போல்ட் கணவாய் ஒன்றிரண்டு வருடத்தில் எப்படி இவ்வளவு பெரிதாக வளர்கிறது?

முக்கியக் காரணம் சாப்பாடுதான். சிலி, பெரு முதல் கலிபோர்னியா வரை கிழக்குப் பசிபிக்கில் வாழும் இந்தக் கணவாய், முட்டையிலிருந்து வரும்போது ஏறக்குறைய 1 மில்லிமீட்டர்தான் இருக்கும். ஆயுளே ஒன்று, இரண்டு வருடம். அதற்குள் சில 50 கிலோவைத் தொட்டுவிடும்!

பகலில் பல நூறு மீட்டர் ஆழத்தில், ஆக்சிஜன் மிகக் குறைந்த நீரில், உடலின் இயக்கத்தைக் குறைத்துக்கொண்டு சமாளிக்கும். இருட்டியதும் சிறு மீன்கள் மேலே ஏற, பின்னாலேயே இதுவும் வந்துவிடும்.

வேட்டைதான் அற்புதம். இரண்டு நீண்ட கைகள் சட்டென்று பாய்ந்து இரையைப் பற்றும். ஒவ்வோர் உறிஞ்சியின் விளிம்பிலும் கூர்மையான பற்கள் கொண்ட ஒரு வளையம். எவ்வளவு வழுக்கும் மீனும் நழுவாது. அப்புறம் கிளிமூக்கு மாதிரியான அலகு அதைச் சின்னச் சின்னத் துண்டாக்கும். துண்டு சின்னதாக இருந்தே ஆக வேண்டும், ஏனென்றால் உணவுக்குழாய் மூளையின் நடுவே போகிறது!

தூண்டிலில் மாட்டித் தவிக்கும் சொந்த இனத்தையும் கிழித்துத் தின்னும். இப்படிச் சேர்த்த சத்தெல்லாம் கடைசியில் இனப்பெருக்கத்துக்குப் போகிறது. பெண் கணவாய் லட்சக்கணக்கான முட்டைகளை ஜெல்லி போன்ற பெரிய உருண்டையாக நடுக்கடலில் இடும். அந்தப் பருவம் முடிந்ததும் இறந்துவிடும்.