கொடைக்கானலில் வீடு வாங்கி நாள் வாடகைக்கு விடலாமா?

கேள்வி: கொடைக்கானலில் இரண்டு படுக்கையறை கொண்ட தனி வீடு ஒன்று விலைக்கு வந்துள்ளது. நாங்கள் மதுரையில் வசிப்பதால், காவலாளி ஒருவரை அமர்த்தி, இணையம் வழியாகச் சுற்றுலாப் பயணிகளுக்கு நாள் வாடகைக்கு விட எண்ணுகிறோம். ‘ஹோம்ஸ்டே’ என்று பதிவு செய்துவிட்டால் போதும் என்கிறார் தரகர். சரிதானா?
- வாசகி, மதுரை

பதில்: வீட்டுக்காரர் குடியிருக்கும் வீட்டுக்குப் பொருந்துவதைத் தரகர் உங்களுக்கும் பொருத்திச் சொல்கிறார். மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் திட்டத்தில், உரிமையாளர் குடும்பத்துடன் அதே வீட்டில் வசித்துக்கொண்டு, 1 முதல் 6 அறைகள் வரை விருந்தினருக்கு விடுவதே ஹோம்ஸ்டே. நீங்கள் மதுரையில் இருந்துகொண்டு காவலாளியிடம் சாவியைக் கொடுத்தால், அது தங்கும் விடுதியாகவே கருதப்படும்.

ஆகவே முன்பணம் கொடுப்பதற்கு முன் நகராட்சி அனுமதித்த கட்டட வரைபடத்தின் நகலைக் கேட்டு வாங்குங்கள். உங்கள் கடிதத்தில் விலையையும் எதிர்பார்க்கும் வருமானத்தையும் விரிவாக எழுதியிருக்கிறீர்கள்; வரைபடம் பற்றி ஒரு வரிகூட இல்லை. அதில் பயன்பாடு ‘குடியிருப்பு’ என்று இருக்கிறதா, வரைந்திருக்கும் தளங்களும் அறைகளும் நேரில் நிற்பவையும் ஒன்றுதானா என்று எண்ணிப் பாருங்கள். பின்கட்டில் தகரக் கூரை போட்டுச் சேர்த்த அறை ஒன்று இருந்தாலும் அது வரைபடத்தில் இருக்க வேண்டும். அனுமதிக்கு மாறாக எழுந்த விடுதிகளுக்கு, உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் உத்தரவுகளைத் தொடர்ந்து சீல் வைக்கப்பட்ட ஊர் அது. குடியிருப்பு அனுமதி மட்டுமே இருந்தால், பயன்பாட்டை மாற்ற முடியுமா என்பதை நகரமைப்புப் பிரிவில் எழுத்துமூலம் கேட்டறிந்த பிறகே மேற்கொண்டு பேசலாம்.

மின் இணைப்பையும் கவனியுங்கள். வீட்டு உபயோகக் கட்டணத்தில் இணைப்பை வைத்துக்கொண்டு விடுதி நடத்தினால், மின்சாரச் சட்டத்தின் 126ஆம் பிரிவின்படி உரிய கட்டணத்தைப் போல் இரு மடங்கு விதிக்கலாம்.

வரியைப் பொறுத்தவரை, ஆண்டு வரவு 20 லட்சம் ரூபாய்க்குள் இருந்து இணையத் தளம் வழியாகவே முன்பதிவு நடந்தால், பொதுவாக அந்தத் தளமே ஜிஎஸ்டியைச் செலுத்திவிடும். நாள் வாடகை 7,500 ரூபாய் வரையுள்ள அறைக்கு, 2025 செப்டம்பர் 22 முதல் விகிதம் 5 சதவீதம். வருமான வரியில்தான் பலர் கணக்குத் தவறுகிறார்கள். மாத வாடகைக்குக் கிடைக்கும் 30 சதவீதக் கழிவு, படுக்கை விரிப்பும் துப்புரவும் சேர்த்து நாள் கணக்கில் விடுவதற்குப் பெரும்பாலும் கிடைக்காது. அது தொழில் வருமானமாகக் கணக்கிடப்படும்.

வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் அவர்களின் விவரங்களை இணையத்தில் அரசிடம் பதிய வேண்டும். அந்தப் பொறுப்பு தங்க இடம் கொடுப்பவருடையது என்பதால், பாஸ்போர்ட்டைப் பார்த்துப் பதிவு செய்யத் தெரிந்தவராகக் காவலாளியைத் தேர்ந்தெடுங்கள்.