வடிவமைப்பில் தோல்வியை நடைமுறையில் ஏற்றுக்கொள்வது எப்படி?

தோல்வியை ஏற்றுக்கொள் என்று எல்லோரும் சொல்கிறார்கள், வேலையில் அதை எப்படிச் செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். மனதைத் திடப்படுத்திக்கொண்டால் மட்டும் வராது என்பேன். இயந்திர பாகங்கள் வடிவமைப்பது என் வேலை. உடைந்ததைச் சரிசெய்ய ஆறு மாதம் ஆகுமென்றால் எந்தத் தைரியசாலியும் சோதித்துப் பார்க்கத் தயங்குவான். அந்த ஆறு மாதத்தைக் குறைப்பதுதான் முதல் வேலை.

எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் அமெரிக்கப் பொறியாளர் பால் மெக்கிரெடியின் காஸமர் காண்டர் விமானம். 1959இல் பிரிட்டனில் கிரெமர் பரிசு அறிவித்தார்கள். மனிதன் தன் உடல் பலத்தால் மட்டுமே ஓட்டும் விமானம், அரை மைல் இடைவெளியுள்ள இரண்டு கம்பங்களை 8 போட்டபடி சுற்றிவர வேண்டும். பல வருடங்கள் யாராலும் முடியவில்லை. முயன்றவர்கள் சாதாரண ஆட்களும் இல்லை. இங்கிலாந்தின் ஹாட்ஃபீல்டில் டி ஹாவிலண்ட் விமான நிறுவன ஊழியர்கள் கட்டிய பஃபின் என்ற விமானம், 1962இல் 900 மீட்டருக்கு மேல் பறந்தது. ஆனால் அது பார்த்துப் பார்த்து இழைத்த விமானம். 1963இல் விழுந்து நொறுங்கியதும், அடுத்த பஃபின் பறக்க 1965 ஆகிவிட்டது. ஒரு பாடத்துக்கு இரண்டு வருடம்!

மெக்கிரெடி அலுமினியக் குழாய், பியானோ கம்பி, மைலார் என்ற மெல்லிய பிளாஸ்டிக் தாள் இவற்றை வைத்துக் கட்டினார். இறக்கை 29 மீட்டர் நீளம், எடையோ சுமார் 32 கிலோதான். சைக்கிள் வேகத்தில், தரையை ஒட்டியே பறக்கும் என்பதால் விழுந்தாலும் ஓட்டுபவருக்குப் பெரிய அடி படாது. உடைந்த குழாயை டேப் சுற்றிச் சரிசெய்து சீக்கிரமே மறுபடி ஏற்றிவிடலாம். அதனால் மாற்றிப் பார்க்க யாரும் பயப்படவில்லை. ஒரு பக்கம் மட்டும் தாள் போர்த்திய இறக்கை, மேலும் கீழும் இரண்டு பக்கமும் போர்த்தியதாக மாறியது இப்படித்தான்.

பெரிய தலைவலி, திரும்புவது. இவ்வளவு நீளமான இறக்கை இவ்வளவு மெதுவாகத் திரும்பும்போது, உள்பக்க இறக்கை வெளிப்பக்கத்தைவிட ரொம்பவே மெதுவாக நகரும். தூக்குவிசை குறைந்து அந்தப் பக்கமே சரியும். வழக்கமான விமானத்தில் செய்வதற்கு நேர்மாறாக, உள்பக்க இறக்கையை முறுக்கி அதன் தூக்குவிசையைக் கூட்டினார்கள். 1977 ஆகஸ்ட் 23 அன்று கலிஃபோர்னியாவின் ஷாஃப்டரில் பிரையன் ஆலன் பெடல் மிதித்து அந்த 8ஐ முடித்தார்.

ஆக, முதல் மாதிரியை அழகாகச் செய்யாதீர்கள். அழகாகச் செய்ததை உடைக்க மனசு வராது. ஒரு தடவைக்கு ஒரு மாற்றம் மட்டும் செய்யுங்கள், இல்லாவிட்டால் எதனால் உடைந்தது என்றே தெரியாமல் போகும்.

உயிர் சம்பந்தப்பட்ட பொருளுக்கு இது பொருந்துமா என்று கேட்பீர்கள். பொருந்தும், ஆனால் உடைவது சோதனைக் கூடத்துக்குள்ளேயே நடந்தாக வேண்டும். போயிங் 777இன் இறக்கையை 1995இல் வேண்டுமென்றே முறியும்வரை வளைத்தார்கள். பறக்கும்போது வரக்கூடிய அதிகபட்சச் சுமையில் 150 சதவீதத்தைத் தாங்க வேண்டும் என்பது விதி. அது 154 சதவீதத்தில் முறிந்தது.