மாஸ்க் ஃபிட் டெஸ்ட்: மணலி, எண்ணூர் பக்கத்துக் கேள்விகளும் பதில்களும்

மணலி, எண்ணூர், திருவொற்றியூர் பக்கத்து ஆலைகளில் சேஃப்டி வேலை பார்த்தவன் என்ற முறையில், மூச்சுக்காப்பு மாஸ்க் பற்றியும், அது ஒருவர் முகத்தில் சந்தில்லாமல் படிகிறதா என்று பார்க்கும் ஃபிட் டெஸ்ட் பற்றியும் சந்தேகங்களை அனுப்பச் சொல்லியிருந்தேன். ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன், பெயர்களைப் போடவில்லை. சோதனை முறைக்கு நான் சொல்லும் எண்கள் அமெரிக்காவின் தொழிலாளர் பாதுகாப்பு அமைப்பான ஓஷாவின் 1910.134 விதியில் உள்ளவை. வெளிநாட்டு வாடிக்கையாளர் ஆடிட்டுக்கு வரும்போது பெரும்பாலும் இதைத்தான் கேட்பார்கள்.

அண்ணே, ஆடிட்டுக்கு முந்தின நாள் மாஸ்க் போடச் சொல்லி, தலையில் ஒரு ஹுட்டைக் கவிழ்த்து, இனிப்பா ஏதோ அடிச்சாங்க. "டேஸ்ட் தெரியுதா?"ன்னு கேட்டாங்க. இல்லைன்னேன். கையெழுத்து வாங்கிட்டு அனுப்பிட்டாங்க. ஒரு நிமிஷம்கூட ஆகலை. அவ்வளவுதானா? (மணலி, ஒப்பந்தத் தொழிலாளர்)

அவ்வளவு இல்லை தம்பி. உங்களுக்கு நடந்தது பாதிச் சோதனைகூடக் கிடையாது.

முதலில் மாஸ்க் இல்லாமல் ஹுட்டை (தலையை மூடும் உறை) மட்டும் போட்டு, மிக நீர்த்த சாக்கரின் (இனிப்பூட்டி) கரைசலை அடிக்க வேண்டும். தெளிப்பானை 10 தடவை அமுக்கியும் இனிப்பு தெரியவில்லை என்றால் இன்னும் 10, அதிலும் தெரியாவிட்டால் மேலும் 10. உங்கள் நாக்குக்கு அந்த ருசி தெரிகிறதா என்று உறுதி செய்வதற்காக இது. 30 தடவைக்குப் பிறகும் தெரியாதவருக்குச் சாக்கரின் சோதனையே செல்லாது. அவருக்குக் கசப்புக் கரைசல் இருக்கிறது, பிட்ரெக்ஸ் என்பார்கள். இந்த முதல் படியை விட்டுவிட்டு "டேஸ்ட் தெரியுதா?" என்று கேட்டால், நீங்கள் சொல்லும் "இல்லை"க்கு அர்த்தமே கிடையாது. மாஸ்க் தடுத்ததா, நாக்கு மரத்திருந்ததா, யாருக்குத் தெரியும்?

அப்புறம் வாயைக் கொப்பளித்துவிட்டு, மாஸ்க் மாட்டி, அதே ஹுட்டுக்குள் கெட்டியான கரைசலை அடிப்பார்கள். சாதாரணமாக மூச்சு விடுவது, ஆழமாக இழுத்து விடுவது, தலையைப் பக்கவாட்டில் திருப்புவது, மேலும் கீழும் அசைப்பது, சத்தமாகப் பேசுவது, குனிந்து நிமிர்வது, மறுபடி சாதாரண மூச்சு என 7 அசைவுகள், ஒவ்வொன்றும் ஒரு நிமிடம். 30 நொடிக்கு ஒரு முறை கரைசலைச் சேர்த்துக்கொண்டே இருக்க வேண்டும். நடுவில் எப்போது இனிப்பு தெரிந்தாலும் அந்த மாஸ்க் உங்கள் முகத்துக்கு ஆகாது. வேறு சைஸ் அல்லது வேறு மாடலில் முதலிலிருந்து செய்ய வேண்டும். ருசி தெரிந்தால் வேலை போய்விடுமோ என்று பயந்து பொய் சொல்பவர்களைப் பார்த்திருக்கிறேன். தோற்பது மாஸ்க்தான். தெரிந்ததைத் தயங்காமல் சொல்லுங்கள்.

சுகர் இருக்கு சார், சாக்கரின் அடிக்கலாமா? டீ குடிச்சுட்டுப் போகலாமா? (தண்டையார்பேட்டை)

சாக்கரின் சர்க்கரை இல்லை, தாராளமாகச் செய்துகொள்ளலாம். டீ மட்டும் வேண்டாம். சோதனைக்கு முன் 15 நிமிடம் சாப்பாடு, டீ, பீடி, பாக்கு எதுவும் கூடாது, வெறும் தண்ணீர் குடிக்கலாம். மாவா போடுபவர்களுக்கு நாக்கு எப்போதும் மரத்தே இருக்கும், முதல் படியிலேயே அது தெரிந்துவிடும். ரமலான் மாதத்தில் நோன்பிருப்பவரை ருசிச் சோதனைக்குக் கூப்பிட்டுச் சங்கடப்படுத்தாமல் முன்கூட்டியே முடித்துவிடுவது நல்லது.

கார்த்திகை வந்தால் எங்கள் குழுவில் பாதிப் பேர் மாலை போட்டு தாடியோடு வருகிறார்கள். ஷட்டவுன் வேலையும் (ஆலையை நிறுத்திச் செய்யும் பராமரிப்பு) அந்த நேரத்தில்தான் விழுகிறது. ஷேவ் பண்ணச் சொல்ல மனசு வரவில்லை. தாடிக்கு மேலேயே இறுக்கிக் கட்டினால் போதாதா? (மணலி, சூப்பர்வைசர்)

போதாது. மாஸ்க்கின் விளிம்பு தோலில் படியும் இடத்தில் முடி இருந்தால், எவ்வளவு இறுக்கினாலும் முடிகளுக்கு இடையில் காற்று புகுந்துவிடும். நாலு நாள் முள்தாடியும் கெடுக்கும். அந்த முகத்துக்கு ஃபிட் டெஸ்ட்டே செய்யக்கூடாது என்பதுதான் விதி. விளிம்புக்கு உள்ளே அடங்கி, வால்வில் படாத மீசையால் தொல்லை இல்லை.

ஆனால் மாலை போட்ட சாமியிடம் ரேசரைக் கொடுப்பது எனக்கும் சம்மதமில்லை. விரதத்துக்காக ஒருவர் வளர்க்கும் தாடியை மேஸ்திரி அதட்டி எடுக்க வைப்பது தவறு. அதற்காக அவரைத் தாடியோடு தூசிக்குள் அனுப்புவது அதைவிடப் பெரிய தவறு. மண்டல காலம் எப்போது என்று காலண்டரில் இருக்கிறது. ஐப்பசியிலேயே யார் யார் மாலை போடுகிறார்கள் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். மாஸ்க் தேவைப்படாத வேலையில் அவர்களைப் போடுங்கள், கூலி குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கூலி குறையும் என்று தெரிந்தால் யாரும் பெயர் கொடுக்க மாட்டார்கள்.

இன்னொரு வழி, பேட்டரி மோட்டார் வடிகட்டிய காற்றைத் தள்ளும் ஹுட். தலையை முழுக்க மூடும் தளர்வான வகைக்கு முகத்தில் சீல் (காற்றுப் புகாமல் விளிம்பு ஒட்டுவது) தேவையில்லை, ஃபிட் டெஸ்ட்டும் வேண்டாம். நபிவழி என்று தாடி வைத்திருக்கும் பாய்மார்களுக்கும் இதுதான் நிரந்தர வழி. விலை அதிகம்தான். ஆனாலும் இரண்டு மூன்று செட் வாங்கி ஸ்டோரில் வைக்கச் சொல்லி நிர்வாகத்திடம் விடாமல் கேளுங்கள். உயிருக்கு உடனடி ஆபத்துள்ள இடங்களுக்கு மட்டும் இந்த ஹுட் ஆகாது.

மொத்தமாக ஒரே மாடல் மாஸ்க் வாங்கினால் விலை குறைகிறது. ஐஎஸ் 9473 முத்திரை (மாஸ்க்குக்கான இந்தியத் தர எண்) இருக்கிறதே, அப்புறம் எதற்கு ஆள் ஆளுக்குச் சோதனை? (திருவொற்றியூர், பர்ச்சேஸ்)

அந்த முத்திரை மாஸ்க்கின் தரத்துக்குச் சான்று. அதை மாட்டப்போகும் முருகனின் ஒடுங்கிய தாடையையும் செல்வியின் சின்ன மூக்கையும் சான்று கொடுத்தவர்கள் பார்த்ததில்லை. துணி 95 சதவீதம் தடுக்கிறது என்றாலும் மூக்கோரம் சந்து இருந்தால் காற்று அந்த வழியாகத்தான் போகும்.

கருவி வைத்து அளக்கும் சோதனையில், மாஸ்க்குக்கு வெளியே உள்ள துகள் அளவை உள்ளே உள்ள அளவால் வகுப்பார்கள். மூக்கு, வாய், தாடையை மூடும் அரை முக மாஸ்க்குக்கு அந்த எண் குறைந்தது 100 வர வேண்டும், கண்ணையும் சேர்த்து மூடும் முழு முக மாஸ்க்குக்கு 500. கருவி லட்சக்கணக்கில் ஆகும், வாடகைக்கு ஆள் வைத்துச் செய்யலாம். அரை முகத்துக்கு ஹுட்டும் சாக்கரினும் போதும். குறைந்தது இரண்டு நிறுவன மாடல்கள், மூன்று சைஸ் வாங்குங்கள். காதில் மாட்டும் வகையை வாங்கவே வேண்டாம். தலைக்குப் பின்னால் இரண்டு ஸ்டிராப் உள்ளதுதான் முகத்தில் படியும்.

சார், நாங்க கிளீனிங் வேலை பார்க்கிற பெண்கள். குடுக்கிற மாஸ்க் எல்லாம் பெரிசா இருக்கு. மூக்குத்தியைக் கழட்டணுமா? (எண்ணூர்)

பெரிதாக இருந்தால் சின்ன சைஸ் கேளுங்கம்மா, கொடுப்பது அவர்கள் கடமை. மூக்குத்தி விளிம்புக்கு உள்ளே இருந்தால் பரவாயில்லை, விளிம்பு அதன் மேல் ஏறினால் கழற்ற வேண்டும். மூக்குத்தியோடுதான் வேலை செய்வீர்கள் என்றால் அதோடேயே சோதனையும் நடக்கட்டும்.

வேர்வை தாங்கலை. மாஸ்க்குக்கு அடியில் கர்ச்சீப் வெச்சுக்கிறோம். தப்பா? (மணலி புதுநகர்)

தப்புதான். கர்ச்சீப் மடிப்பு ஒவ்வொன்றும் ஒரு சந்து. நம்ம ஊர் மே மாதத்தில் நனையாத மாஸ்க் கிடையாது, அதனால் வேலை நேரத்தைப் பிரித்து இடையில் நிழலில் கழற்றித் துடைக்க இடைவேளை கொடுக்க வேண்டும். ஹெல்மெட், கண்ணாடி போட்டு வேலை செய்பவருக்கு ஃபிட் டெஸ்ட்டும் அவற்றோடு நடக்க வேண்டும். முழு முக மாஸ்க்கில் சாதாரண மூக்குக்கண்ணாடியின் காம்பு சீலைக் கெடுக்கும், உள்ளே பொருத்தும் தனிக் கண்ணாடி ஃபிரேம் கேளுங்கள்.

ஐஸ் ஃபேக்டரியில் அம்மோனியா ஓடுகிறது. என்95 வைத்திருக்கிறோம். போதுமா? 2023 டிசம்பரில் எண்ணூர் பெரியகுப்பத்தில் அம்மோனியா கசிந்தபோது வீட்டிலும் அதையே மாட்டிக்கொண்டு ஓடினார்கள். (காசிமேடு)

என்95 தூசிக்கும் துகளுக்கும்தான். அம்மோனியா வாயு அதன் வழியாக நேராக உள்ளே வரும். கண்ணையும் எரிக்கும் என்பதால் முழு முக மாஸ்க்கும் பச்சைக் கார்ட்ரிட்ஜும் (மாஸ்க்கில் மாட்டும், வாயுவைப் பிடிக்கும் வடிகட்டி) வேண்டும். 300 பிபிஎம் (காற்றில் பத்து லட்சத்துக்கு 300 பங்கு) தாண்டினால் அதுவும் உதவாது, சிலிண்டரோடு வரும் மூச்சுக்கருவி போட்டவர் மட்டுமே உள்ளே போகலாம், மற்றவர்கள் வெளியேற வேண்டும். வீட்டில் இருப்பவர்கள் ஈரத்துணியால் மூக்கை மூடிக்கொண்டு, காற்று வீசும் திசைக்குக் குறுக்கே விலகிப் போங்கள்.

நிறத்தை மட்டும் நம்ப வேண்டாம். அம்மோனியாவுக்கு ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பச்சைதான். ஆனால் வெள்ளை நிறம் ஐரோப்பிய முறையில் துகளுக்கு, அமெரிக்க முறையில் அமில வாயுவுக்கு. பெயிண்ட், தின்னர் ஆவிக்கு ஐரோப்பாவில் பழுப்பு, அமெரிக்காவில் கறுப்பு. ஒரே ஸ்டோரில் இரண்டு நாட்டுச் சரக்கும் கிடக்கிறது. எழுத்தைப் படித்து எடுங்கள்.

டேங்க் உள்ளே இறங்கும்போது கார்ட்ரிட்ஜ் மாஸ்க் போதும்னு சொல்றாங்க. நாத்தம் வந்தா மேலே ஏறிடலாமாம். (மணலி)

இறங்காதீர்கள். கார்ட்ரிட்ஜ் காற்றை வடிகட்டும், ஆக்சிஜனைத் தராது. ஆக்சிஜன் 19.5 சதவீதத்துக்குக் கீழே போன இடத்தில் அது வெறும் பிளாஸ்டிக். ஹைட்ரஜன் சல்பைடு 100 பிபிஎம் அளவிலேயே மூக்கின் மோப்பத்தை அடைத்துவிடும். நாற்றம் நின்றுவிட்டது என்று நினைக்கும் நேரத்தில்தான் ஆள் விழுகிறார், அவரைத் தூக்க இறங்குபவரும் விழுகிறார். வாயு அளவை எழுதிய பெர்மிட், சிலிண்டர் மூச்சுக்கருவி, இடுப்பில் பெல்ட்டும் கயிறும், மேலே காவலாள், இவை இல்லாமல் "முடியாது" என்று சொல்லுங்கள். 1948 தொழிற்சாலைகள் சட்டத்தின் 36ஆம் பிரிவிலேயே மூச்சுக்கருவியும் கயிறும் எழுதப்பட்டுவிட்டன. இது புதிய சலுகை ஒன்றும் இல்லை.

ஒரு கம்பெனியில் டெஸ்ட் பண்ணினது அடுத்த கம்பெனிக்குச் செல்லுமா? (வியாசர்பாடி)

ஒவ்வொரு முதலாளியும் தன் ஆளுக்குச் செய்ய வேண்டும், ஆண்டுக்கு ஒரு முறை. நடுவில் பல் கட்டினாலோ, முகத்தில் தழும்பு விழுந்தாலோ, உடம்பு ரொம்ப ஏறி இறங்கினாலோ மறுபடியும். இருந்தாலும் பதிவின் நகலைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். உங்கள் பெயர், மாஸ்க் நிறுவனம், மாடல், சைஸ், சோதனை வகை, முடிவு, தேதி எல்லாம் அதில் இருக்க வேண்டும். போனில் படம் எடுத்து வைத்தால், புது ஸ்டோரில் வேறு மாடலை நீட்டும்போது "எனக்கு இந்த சைஸ்" என்று காட்டலாம்.