மார்மார்த் பேய் ஊர் அல்ல

அன்புள்ள ஐயா,

மார்மார்த் பற்றிய உங்கள் பயணக் கட்டுரையை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். அவர் ரயில்வேயில் ஃபயர்மேனாகச் சேர்ந்து டிரைவராக ஓய்வுபெற்றவர். பார்வை மங்கிவிட்டதால் இப்போதெல்லாம் நான்தான் வாசிக்கிறேன். அமெரிக்காவின் வடக்கு டகோட்டா மாநிலத்தின் தென்மேற்கு மூலையில், இன்ஜின்களைப் பராமரிக்கும் லோகோ ஷெட்டும் 1,300 பேரும் இருந்த ஊரில் இன்று நூறு பேர்தான் என்ற வரி வந்ததும் நிறுத்தச் சொன்னார். "டீசல் வந்திருக்கும். ஸ்டீம் போனா ஷெட்டு போயிடும், ஷெட்டு போனா ஊரும் போயிடும்" என்றார். அவர் சொல்வது சரிதானா?

என் கேள்வி வேறு. வெறும் புல்வெளியில் ஒரு ரயில் கம்பெனி கோடு போட்டு உண்டாக்கிய ஊர் அது. கோயில் இல்லை, குளம் இல்லை, பரம்பரை இல்லை. வேலை இருந்தது, வந்தார்கள். வேலை முடிந்தது, போனார்கள். இதற்கு ஏன் இத்தனை வருத்தம்? ஒரு காணொளியில் அதைப் 'பேய் ஊர்' என்றே சொல்கிறார்கள்.

அன்புடன்,
ரா. செ., திருச்சி

அன்புள்ள செ.,

அப்பாவுக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். ஐம்பது வருடம் தண்டவாளத்தோடு வாழ்ந்தவர் சொல்வதில் பாதி அப்படியே உண்மை. மில்வாக்கி ரோடு என்ற ரயில் கம்பெனி 1906இலிருந்து 1909க்குள் பசிபிக் கரைவரை பாதை போட்டது. மிசூரி ஆற்றை மோப்ரிட்ஜில் தாண்டி, மேற்கே மொன்டானாவின் மைல்ஸ் சிட்டியை நோக்கிப் போகும் அந்தப் பாதையில், இன்ஜினும் ஆளும் மாறுவதற்கு நடுவில் ஓர் இடம் வேண்டியிருந்தது. லிட்டில் மிசூரி ஆறு ஓடிய இடத்தில் ஊரைப் போட்டார்கள். கம்பெனித் தலைவர் ஆல்பர்ட் ஏர்லிங்கின் பேத்தி மார்கரெட் மார்த்தா. அந்தக் குழந்தையின் இரண்டு பெயர்களையும் ஒட்டியதுதான் மார்மார்த்.

ஆனால் மக்கள்தொகைக் கணக்கைப் பார்த்தால் டீசல் மீது மட்டும் பழி போட முடியவில்லை. 1920இல் 1,318 பேர். 1930இல் 721. இதை அப்பாவுக்கு நிறுத்தி வாசியுங்கள். ஊர் ஏறக்குறைய பாதியாகச் சுருங்கியபோது அங்கே இன்னும் நிலக்கரிதான் எரிந்துகொண்டிருந்தது. டீசல் வருவதற்கு மேலும் இருபது வருடம் இருந்தது.

ஊரின் கதை ஸ்டேஷனில் இல்லை, சுற்றியிருந்த வயலில் இருக்கிறது. 1862ஆம் ஆண்டுச் சட்டம், குடியேறி உழுபவருக்கு 160 ஏக்கர் கொடுத்தது. மேற்கே வறண்ட நிலத்துக்கு அது போதாது என்று 1909இல் 320 ஏக்கர் ஆக்கினார்கள். நம் கணக்கில் 320 ஏக்கர் ஜமீன். அங்கே வருடத்துக்குச் சராசரி மழை பதினைந்து அங்குலத்தை ஒட்டித்தான். அதுவும் சராசரிதான். ஒரு வருடம் தப்பினால் புல்லும் கிடையாது. ஏர் போகிற இடத்துக்கு மழை பின்னாலேயே வரும் என்ற நம்பிக்கை ஒன்று அந்தக் காலத்தில் பரவியிருந்தது. ரயில் கம்பெனிகளும் அந்த நிலத்தைப் புகழ்ந்து துண்டறிக்கை அடித்து, ஆட்களை வண்டி வண்டியாகக் கொண்டுவந்து இறக்கின. பாதை போட்டாயிற்று, ஏற்ற சரக்கு வேண்டுமே. ஆரம்பத்தில் மழை பெய்தது, உலகப்போர் கோதுமை விலையை ஏற்றியது. பிறகு மழை தவறியது. போருக்குப் பின் விலையும் விழுந்தது. அந்த 320 ஏக்கரில் ஒரு குடும்பம் பிழைக்க முடியாது என்று அவர்கள் தெரிந்துகொண்டது கடன் வாங்கிய பிறகுதான்.

இதை நான் கொஞ்சம் கோபத்தோடுதான் எழுதுகிறேன். 'வேலை முடிந்தது, போனார்கள்' என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். வேலை முடியவில்லை. நிலத்தைத் தவறான அளவில் துண்டு போட்டது சட்டம், விற்றவர்களுக்கு அவசரம், விலை கொடுத்தது குடும்பங்கள். தாக்குப்பிடித்தவர் போகிறவரின் நிலத்தை வாங்கினார். அடுத்த வறட்சியில் இன்னொரு பக்கத்து நிலத்தையும் வாங்கினார். ஒவ்வொரு பண்ணை பெரிதாகும்போதும் ஒரு வீட்டு அடுப்பு அணைந்தது, பள்ளிக்கூடத்தில் மூன்று நான்கு பிள்ளைகள் குறைந்தார்கள், மளிகைக்கடைக்கு ஒரு கணக்குப் புத்தகம் குறைந்தது. மார்மார்த் இருக்கும் ஸ்லோப் மாவட்டத்தில் 1920இல் 4,940 பேர். 2020இல் 706. மாவட்டத் தலைநகரான அமிடனில் 24 பேர். 101 பேர் இருக்கும் மார்மார்த்தான் அந்த மாவட்டத்திலேயே பெரிய ஊர்.

அப்பா சொன்ன டீசல் இதற்குப் பிறகு வருகிறது. தண்ணீர்த் தொட்டி வேண்டாம், சாம்பல் தட்ட ஆள் வேண்டாம், இன்ஜினை வழியில் மாற்ற வேண்டாம். ஏற்கெனவே மெலிந்த ஊருக்கு அது இரண்டாவது அடி. மூன்றாவது அடி தார்ச்சாலை. அந்தப் பாதையில் எட்டு, பத்து மைலுக்கு ஒரு ஸ்டேஷன் வைத்ததே, விவசாயி குதிரை வண்டியில் கோதுமை ஏற்றிக் கிளம்பி இருட்டுக்குள் வீடு திரும்ப வேண்டும் என்பதற்காக. லாரி வந்ததும் அந்தக் கணக்கு செல்லாமல் போனது. சிகாகோவிலிருந்து பசிபிக் கரைக்கு ஓடிய ஒலிம்பியன் ஹயாவாதா என்ற பயணிகள் ரயில் 1961இல் கரைவரை போவதை நிறுத்தியது. கம்பெனி 1977இல் திவாலாகி, 1980இல் மைல்ஸ் சிட்டிக்கு மேற்கே இருந்த பாதையையே கைவிட்டது. மார்மார்த் வழியான தண்டவாளம் தப்பியது. இப்போது பிஎன்எஸ்எஃப் கம்பெனியின் சரக்கு வண்டிகள் அதில் போகின்றன.

இனி உங்கள் கேள்வி. தெருவுக்குக் கோடு போட்டது கம்பெனிதான், மறுக்கவில்லை. அந்தத் தெருவில் 1914இல் மிஸ்டிக் தியேட்டர் என்று ஒரு சின்னக் கொட்டகை எழுந்தது. அது இன்றும் நிற்கிறது, தேசிய வரலாற்றுச் சின்னப் பதிவேட்டில் இருக்கிறது. உழுது களைத்து வந்தவர்களுக்கும் இன்ஜின் கரி கழுவி வந்தவர்களுக்கும் சனிக்கிழமை ராத்திரி போக ஓர் இடம் இருந்தது என்பதை நான் சிறிய விஷயமாக நினைக்கவில்லை. அந்த மாநிலத்து விவசாயிகள் சும்மா இருந்து அழிந்தவர்களும் அல்ல. ரயில் கட்டணத்துக்கும் தானிய வியாபாரிகளின் எடைமோசடிக்கும் எதிராக 1915இல் நான்பார்ட்டிசன் லீக் என்று ஓர் அமைப்பைக் கட்டி, அடுத்த ஆண்டே தேர்தலில் ஜெயித்து, 1919இல் மாநில அரசின் பெயரிலேயே ஒரு வங்கியைத் தொடங்கினார்கள். அந்த வங்கி இன்னும் நடக்கிறது. அமெரிக்காவில் வேறெந்த மாநிலத்திலும் அப்படியொரு பொது வங்கியை நீங்கள் பார்க்க முடியாது.

பரம்பரை இல்லை என்ற சொல்லும் என்னை உறுத்துகிறது. லகோட்டாக்கள் உள்ளிட்ட பூர்வகுடிகள் பைசன் என்ற காட்டெருமைக் கூட்டங்களைத் தொடர்ந்து நடந்த நிலம் அது. 1883 வாக்கில் அந்தப் பகுதியின் கடைசிப் பெருங்கூட்டங்களும் சுட்டுத் தீர்க்கப்பட்டன. கால் நூற்றாண்டுக்குள் அதே புல்லின் மேல் தண்டவாளம் வந்துவிட்டது. வெறும் புல்வெளி என்று நாம் எழுதுவது, வெறுமையாக்கப்பட்ட பிறகு எடுத்த படத்தைப் பார்த்துத்தான். என் கட்டுரையிலும் 'யாருமற்ற சமவெளி' என்று ஒரு வரி இருந்தது. உங்கள் கடிதத்துக்குப் பிறகு அதை எடுத்துவிட்டேன்.

பேய் ஊர் என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். வடக்கு டகோட்டாவின் சட்டப்படி, எத்தனை பேர் இருந்தாலும், பதிவான ஊர் எல்லாம் 'சிட்டி'தான். மார்மார்த்துக்கு மேயர் உண்டு. குழாயில் தண்ணீர் வர வேண்டும், பனிக்காலத்தில் தெருவை யாராவது வழித்துவிட வேண்டும், அதற்கான கணக்கை நூறு பேர் உட்கார்ந்து பார்க்கிறார்கள். உயிரோடு இருப்பவர்களின் வீட்டு வாசலில் நின்று பேய் என்று படம் எடுப்பது எனக்கு வலிக்கிறது.

கட்டுரையில் ஒன்றை எழுத விட்டுப்போனது, அப்பாவுக்குப் பிடிக்கும் என்பதால் சொல்கிறேன். வண்டி மாறும் டிரைவர்களும் ஃபயர்மேன்களும் படுத்தெழுந்த கட்டடம் அங்கே இருக்கிறது. நம்மவர்கள் ரன்னிங் ரூம் என்பார்களே, அதேதான். ஊரைச் சுற்றியிருக்கும் ஹெல் க்ரீக் பாறைப்படிவம், டைனோசர்கள் கடைசியாக வாழ்ந்த காலத்து மண். 1999இல் தோலின் தடம்கூட மிஞ்சிய ஒரு டைனோசர் உடல் அங்கே கண்டெடுக்கப்பட்டது. கண்டவர் அந்த ஊரிலேயே வளர்ந்த பையன், டைலர் லைசன். இப்போது தொல்லுயிர் ஆய்வாளர். கோடையில் எலும்பு தோண்ட வருகிறவர்கள் அந்த ரன்னிங் ரூமில்தான் தங்குகிறார்கள்.

அப்பாவிடம் நான் கேட்டதாக ஒன்று கேளுங்கள். ஸ்டீம் காலத்தில் அவர் எந்த ஊர் ரன்னிங் ரூமில் அதிகம் தூங்கினார், அந்த ஊரில் இப்போது வண்டி நிற்கிறதா? அவர் சொல்வதைச் சொன்னபடியே எழுதி அனுப்புங்கள். காத்திருக்கிறேன்.

அன்புடன்.