ஐம்பது லட்சக் கடனும் காமெரினோ என்னும் சிற்றூரும்

அரியலூரிலிருந்து ஒரு தந்தை எழுதியிருக்கிறார். அவர் சிமென்ட் ஆலையில் மேற்பார்வையாளர். அவருடைய மகள் நிலவியல் இளங்கலை இறுதியாண்டில் படிக்கிறாள். நல்ல மதிப்பெண். அமெரிக்காவில் இருக்கும் மைத்துனர், "ஜியாலஜியை வைத்துக்கொண்டு அவள் என்ன செய்வாள்? ஆறு மாதம் பைத்தான் படிக்க வையுங்கள், டேட்டா சயின்ஸில் எம்.எஸ். சேர்த்துவிடலாம், மீதியை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று சொல்லியிருக்கிறார். மகளோ இத்தாலியில் காமெரினோ என்ற ஊரில் முதுகலை படிக்கப் போகிறேன் என்கிறாள். பெயரே கேள்விப்படாத ஊருக்குப் பெண்ணைத் தனியாக அனுப்பலாமா, சொந்தக்காரர்களுக்கு என்ன பதில் சொல்வது என்று அவர் கேட்கிறார்.

ஐயா, உங்கள் பயம் இயல்பானது. ஆனால் அந்தப் பயத்தை நீங்கள் தவறான இடத்தில் வைத்திருக்கிறீர்கள். அமெரிக்காவில் இரண்டாண்டு எம்.எஸ். என்றால் கல்விக் கட்டணமும் வாழ்க்கைச் செலவும் சேர்ந்து எளிதாக ஐம்பது லட்சத்தைத் தொட்டுவிடும். ஏழரை லட்சத்துக்கு மேல் போகும் கல்விக் கடனுக்கு வங்கி பொதுவாக ஈடு கேட்கும். உங்களிடம் இருக்கும் ஈடு நீங்கள் குடியிருக்கும் வீடு ஒன்றுதான். படிப்பு முடிந்தபின் அங்கே நிலைத்து வேலை செய்வதற்கான எச்1பி விசாவோ ஆண்டுக்கு 85,000 பேர் என்ற வரம்புக்குள் குலுக்கலில் விழ வேண்டும். தனக்கு விருப்பமில்லாத ஒரு பாடத்தில், அதையே நான்கு ஆண்டுகள் படித்துவிட்டு வந்தவர்களோடு போட்டியிட்டு, அந்தக் குலுக்கலையும் நம்பி உங்கள் மகள் கடனை அடைக்க வேண்டும். இந்தத் திட்டத்துக்கு என்னால் ஒப்புதல் தர இயலாது. மைத்துனர் பார்த்துக்கொள்வதாகச் சொன்ன "மீதி" எத்தனை ரூபாய் என்று ஒரு முறை எழுத்தில் கேட்டுப் பாருங்கள். பேச்சு அத்துடன் முடிந்துவிடக்கூடும்.

ஜெர்மனி, பிரிட்டன், ஆஸ்திரேலியா பற்றி எல்லாரும் பேசுகிறார்கள்; நான் பேசப்போவதில்லை. உங்கள் மகள் சொன்ன ஊரைப் பற்றியே பேசுகிறேன். என்னிடம் ஆலோசனை பெற்ற மாணவி ஒருத்தி அங்கே படித்து முடித்திருக்கிறாள். கீழே வருபவற்றில் பல அவள் சொல்லக் கேட்டவை.

காமெரினோ இத்தாலியின் நடுப்பகுதியில், மார்க்கே மாநிலத்தில், அப்பெனைன் மலைத்தொடரின் ஒரு மேட்டின்மீது இருக்கிறது. மக்கள்தொகை ஏழாயிரத்தைத் தொடாது. பல்கலைக்கழகமோ தன் தொடக்கத்தை 1336ஆம் ஆண்டில் வைத்துச் சொல்லிக்கொள்வது. 2016 அக்டோபர் 26 அன்றும் 30 அன்றும் வந்த நிலநடுக்கங்கள் ஊரின் பழைய நடுப்பகுதியைக் குடியிருக்க முடியாதபடி ஆக்கிவிட்டன. முப்பதாம் தேதி வந்தது 6.5 அளவு, 1980க்குப் பிறகு இத்தாலி கண்டவற்றில் அதுவே பெரியது. "எதிர்காலம் இடிந்து விழாது" என்று சொல்லிக்கொண்டு பல்கலைக்கழகம் வகுப்புகளைத் தொடர்ந்தது. தெருக்களை அடைத்திருந்த தடுப்புகளையும் சாரங்களையும் பாரந்தூக்கிகளையும் என் மாணவி அன்றாடம் பார்த்தபடிதான் வகுப்புக்குப் போனாள்.

இப்படிப்பட்ட ஊருக்கா என்று நீங்கள் பதறுவீர்கள். நிலவியல் படிக்கும் பெண்ணுக்கு அதுவே காரணம். அங்கே ஆங்கிலத்தில் நடத்தப்படும் முதுகலைப் படிப்பு நில வளங்களையும் நில ஆபத்துகளையும் பற்றியது. அதே மலைத்தொடரில் உள்ள வெத்தோரே மலையின் சரிவில், அந்த 2016 அக்டோபர் 30 அன்று நிலப்பிளவு வழியே நிலம் இறங்கியபோது பாறையின் அடிப்பகுதியில் புதிதாக வெளிப்பட்ட வெளிறிய பட்டையை அவளுடைய வகுப்பு நேரில் போய் அளந்தது. சில இடங்களில் அது ஏறத்தாழ இரண்டு மீட்டர் உயரம். எந்தத் தெருவில் மண் அதிகமாக ஆடும், எங்கே மீண்டும் கட்டலாம், எங்கே கூடாது என்று வரைபடம் போடும் வேலை அங்கே பாடப்புத்தகப் பயிற்சி அன்று. அந்த வரைபடத்தை நம்பி மனிதர்கள் வீடு கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

இன்னொன்றையும் உங்கள் மகள் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டாள். மலைத்தொடரைத் தாண்டினால் பக்கத்து மாநிலத்தில் குப்பியோ என்ற ஊர் வரும். அதன் பள்ளத்தாக்கில் இளஞ்சிவப்புச் சுண்ணாம்புப் பாறை அடுக்குகளுக்கு நடுவே விரல் தடிமன்கூட இல்லாத ஒரு களிமண் படலம் ஓடுகிறது. பூமியின் மேற்பரப்பில் அரிதாகவும் விண்கற்களில் மிகுதியாகவும் இருக்கும் இரிடியம் என்ற உலோகம் அதில் அளவுக்கு மீறி இருப்பதைக் கண்டுதான், டைனோசர்கள் அழிந்த காலத்தில் விண்கல் ஒன்று பூமியில் மோதியது என்ற விளக்கத்தை வால்டர் ஆல்வரெஸும் அவர் தந்தை லூயிஸ் ஆல்வரெஸும் உடன் ஆய்வாளர்களும் 1980இல் முன்வைத்தனர். அந்தப் படலத்துக்குக் கீழே இருக்கும் பாறைகள் டைனோசர்களின் கடைசிக் காலமான கிரெட்டேசியக் காலத்துக் கடலில் படிந்தவை. உங்கள் ஆலை தோண்டும் அரியலூர்ச் சுண்ணாம்புக் கல்லும், வாரணவாசி அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்குள் இருக்கும் அம்மோனைட்டுகள் என்னும் சுருள் ஓட்டுப் புதைபடிவங்களும் அதே காலத்துக் கடலைச் சேர்ந்தவைதாம். அதைப் பார்த்து வளர்ந்த பிள்ளை இந்த ஊரைத் தேர்ந்தெடுத்ததில் எனக்கு வியப்பில்லை.

இனிப் பணம். அரசுப் பல்கலைக்கழகங்களில் கட்டணம் பெரும்பாலும் குடும்பத்தின் வருமானத்தையும் சொத்தையும் சேர்த்துக் கணக்கிடும் 'இசே' என்ற எண்ணைப் பொறுத்தது. வெளிநாட்டு வீட்டுக்கு ஒரு சதுர மீட்டருக்கு 500 யூரோ என மதிப்புப் போடுவார்கள். ஆகவே உங்கள் வீட்டின் பரப்பளவு தெளிவாக உள்ள ஆவணம் வேண்டும். அந்த எண் அண்மை ஆண்டுகளில் ஏறத்தாழ 27,000 யூரோவுக்குள் இருந்தால் மாநில உதவித்தொகைக்கு விண்ணப்பிக்க முடிந்திருக்கிறது. உங்களைப் போன்ற ஒற்றைச் சம்பளக் குடும்பங்கள் பெரும்பாலும் அதற்குள் வந்துவிடும். வெளியூர் மாணவருக்கு ஆண்டுக்குச் சுமார் ஏழாயிரம் யூரோ; விடுதி அறையையும் உணவகச் சாப்பாட்டையும் எடுத்துக்கொண்டால் அவற்றின் மதிப்பு அதில் கழியும்.

இங்கேதான் கறாராக இருக்கப் போகிறேன். உதவித்தொகை உறுதி என்று எந்த முகவர் சொன்னாலும் நம்பாதீர்கள். தகுதிப் பட்டியலில் பெயர் வந்தும் நிதிப் பற்றாக்குறையால் பணம் வராமல் போனதுண்டு. கிடைத்தாலும் முதல் தவணை கைக்கு வரப் பல மாதங்கள் ஆகும். முதலாண்டு மாணவர் ஆகஸ்ட் 10க்குள் 20 கிரெடிட் எடுக்காவிட்டால் இரண்டாம் தவணை நிற்கும். நவம்பர் 30க்குள்ளும் எடுக்காவிட்டால் வாங்கியதையே திருப்பிக் கட்ட வேண்டும். விசாவுக்கும் ஓர் ஆண்டுச் செலவைக் காட்டியாக வேண்டும். ஆகவே முதலாண்டு முழுவதற்கான பணம் கடனில்லாமல் உங்கள் கையில் இருந்தால் மட்டும் அனுப்புங்கள். இல்லையென்றால் ஓர் ஆண்டு பொறுத்திருங்கள். அரசு மருத்துவச் சேவையில் சேர மாணவர் கட்டணம் 2024 முதல் ஆண்டுக்கு 700 யூரோ ஆகிவிட்டது என்பதையும் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள். வாரம் இருபது மணி நேரம் வேலை செய்யச் சட்டம் இடம் கொடுக்கிறது, காமெரினோவில் வேலைதான் இல்லை. இருக்கும் சில வேலைகளும் இத்தாலிய மொழி பேசுபவர்களுக்கே. பகுதிநேர வருமானத்தைத் திட்டத்திலிருந்து அடித்துவிடுங்கள்.

ரயில் நிலையம் மலைக்குக் கீழே காஸ்தெல்ராய்மோந்தோவில் இருக்கிறது, அங்கிருந்து பேருந்து. ஞாயிற்றுக்கிழமை அதை நம்பிக் கிளம்பினால் நின்றுகொண்டே இருக்க வேண்டியதுதான். மதியம் கடைகள் மூடிவிடும். குளிர்காலத்தில் பனி கொட்டும். சைவம் சாப்பிடும் என் மாணவி முதல் மாதங்களில் பருப்பும் பாஸ்தாவும் மட்டுமே உண்டு சலித்துப்போனாள். வந்து இறங்கிய எட்டு வேலை நாட்களுக்குள் அஞ்சலகத்தில் தங்கும் அனுமதிக்கு விண்ணப்பித்து, விரல்ரேகை கொடுக்க மாவட்டத் தலைநகரான மாசெரத்தா வரை போய்வர வேண்டும்.

அவளை உலுக்கியது தேர்வுமுறை. பெரும்பாலான தேர்வுகள் வாய்மொழியாக நடக்கும். பேராசிரியர் எதிரே அமர்ந்து, கரும்பலகையில் ஒரு குறுக்குவெட்டுப் படத்தை வரைந்து, "இந்தப் பிளவு இந்தப் பக்கம் சாய்கிறது என்று எப்படிச் சொல்கிறாய்?" என்று அவர் கேட்கக் கேட்க விளக்க வேண்டும். முப்பதுக்குப் பதினெட்டு எடுத்தால் தேர்ச்சி. மனப்பாடம் செய்து போன முதல் தேர்வில் பத்தொன்பது வந்தது. வேண்டாம் என்று மறுத்துவிட்டு அடுத்த முறை மீண்டும் தேர்வுக்குப் போனாள், இருபத்தேழு கிடைத்தது. மதிப்பெண்ணை மாணவரே மறுக்கலாம் என்ற ஏற்பாடு நம் பிள்ளைகளுக்குப் புதிது. பேசத் தயங்கும் பிள்ளை என்றால் இப்போதிருந்தே பாறை மாதிரிகளை எடுத்து வைத்துக்கொண்டு ஆங்கிலத்தில் உரக்க விளக்கிப் பழகட்டும்.

ஒரே ஓர் இடத்தில் நான் உங்கள் மகளுக்கும் தடை போடுவேன். இந்திய நிலவியல் ஆய்வுத்துறையில் (ஜிஎஸ்ஐ) சேர்வதுதான் அவள் நோக்கம் என்றால், அதற்கான யுபிஎஸ்சி தேர்வு ஏற்றுக்கொள்ளும் முதுகலைப் பாடங்களின் பெயர்களை அறிவிக்கையில் வரிசையாகத் தந்திருப்பார்கள். காமெரினோ படிப்பின் பெயர் அதில் அப்படியே இருக்காது. இத்தாலியப் பட்டங்களுக்கு ஒரு வகைப்பெயரும் உண்டு. இந்தப் படிப்பு நில அறிவியலுக்கான எல்எம்-74 வகையில் வருகிறது. அது சான்றிதழோடு தரும் இணைப்பில் தெளிவாக இருக்குமா, இங்கே சமநிலைச் சான்றிதழ் பெற அது போதுமா என்று சேரும் முன்பே பல்கலைக்கழகம், இங்கே சான்றிதழ் தருபவர்கள் ஆகிய இரு தரப்பிடமும் எழுத்தில் பதில் வாங்க வேண்டும். பதில் வராவிட்டால் திருச்சியிலோ சென்னையிலோ எம்.எஸ்ஸி. நிலவியல் படிப்பதே அந்த நோக்கத்துக்குச் சரி. ஆய்வுக்கும் ஐரோப்பாவில் பணிக்கும் போக வேண்டும் என்றால் காமெரினோவில் சேரட்டும். முதல் நாளிலிருந்தே இத்தாலிய மொழியையும் படிக்கட்டும், ஏனெனில் படிப்புக்குப் பின் வேலை தேடி ஓராண்டு வரை தங்கலாம் என்றாலும் மொழி தெரியாதவருக்கு அந்த ஓராண்டால் பயனில்லை.

இத்தாலியப் பல்கலைக்கழகங்களில் சேர்வதற்கான அரசுத் தளமான யூனிவெர்சிட்டாலியில் செய்யும் முன்பதிவுக்குக் கட்டணம் கிடையாது; அதற்காக முகவருக்கு ஒரு லட்சம் கொடுக்க வேண்டியதில்லை. வருமானச் சான்று, குடும்ப உறுப்பினர் சான்று, வீட்டு ஆவணம் ஆகியவற்றுக்கு வெளிநாட்டில் செல்லுபடியாக்கும் அப்போஸ்டில் முத்திரையும் இத்தாலிய மொழிபெயர்ப்பும் வாங்கவே வாரக்கணக்கில் ஆகும். உதவித்தொகை விண்ணப்பம் பெரும்பாலும் கோடையின் முடிவில் மூடிவிடும் என்பதால் இந்த வேலையை மே மாதத்திலேயே தொடங்கிவிடுங்கள். விசா கைக்கு வரும்வரை விமானச் சீட்டு மட்டும் வாங்க வேண்டாம்.